நான்காவது பேனா

பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“இது அசலாம்மா?”

பேனா பழுது பார்க்கும் அம்மாள் மூடியைக்கூடக் கழற்றவில்லை. கிளிப்பின் வளையத்தில் பொடி எழுத்தில் வெட்டியிருந்த எண்ணை லென்ஸ் வைத்து ஒருமுறை படித்தாள். பேனாவைத் துணியின் மேல் படுக்க வைத்தாள்.

“இல்ல சார். போலி.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

கடை என்று பெயர்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். அவள் பூட்டைத் திறக்குமுன்பே அவர் வந்து காத்திருந்தார்.

முந்தின நாள் மாலைதான் அதை அவர் கையில் கொடுத்தார்கள். முப்பத்தொரு வருட உழைப்பு என்று மேலாளர் பேசினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கறுப்புப் பெட்டி, உள்ளே வெல்வெட், அதற்குள் நிறுவனத்தின் முத்திரையும் அவர் பெயரும் பொறித்த பேனா.

வீட்டில் மனைவி அதைப் படமெடுத்து உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். மாப்பிள்ளை போனில் அதன் விலையைத் தேடிப் பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் எழுந்து, “நீங்க உக்காருங்க மாமா” என்று இடம் கொடுத்தார்.

அவருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

“நல்லாப் பாருங்கம்மா. கம்பெனியில கொடுத்தது.”

அவள் நிப்பை உருவி எடுத்தாள். தங்க நிப்பு என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒரு சின்னக் காந்தத்தை அருகே நீட்டினாள். தங்கம் ஓடிவந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

“அசல்ல ஒவ்வொரு பேனாவுக்கும் தனி நம்பர் சார். போலி பண்றவன் அதுக்கெல்லாம் மெனக்கெட மாட்டான், ஒரே நம்பரை எல்லாத்துலயும் அடிச்சிடுவான். உங்க கம்பெனி முத்திரை போட்டு எங்கிட்ட வந்ததுல இது நாலாவது. நாலுக்கும் இதே நம்பர்தான்.”

மற்ற மூன்று யாருடையவை என்று அவர் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

ஒன்று ஒரு டிரைவருடையது. பேங்கில் கையெழுத்துப் போடும்போது அது மட்டும் மையை விடவில்லையாம். தனக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லையோ என்று, எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டு போனார். அடுத்தது தபால் பிரிவில் இருந்த ஒரு பெண்மணியுடையது. அழுத்தி எழுதிக் கெடுத்துவிட்டேன், விலை உயர்ந்த பொருளை வைத்துக்கொள்ளும் பவிசு எனக்கில்லை என்று அந்தம்மா தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாவதைக் கொண்டுவந்தது காவலாளியின் மனைவி. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், இனி மகன் எழுதட்டும், சுத்தம் செய்து கொடுங்கள் என்றாள்.

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“எப்படி சார் வாய் வரும்? முடிஞ்சவரைக்கும் எழுதுற மாதிரி பண்ணிக் கொடுத்தேன். அவங்க யாரும் அசலா போலியான்னு கேக்கவே இல்ல சார். அந்தச் சந்தேகமே அவங்களுக்கு வரல. வந்ததும் வராததுமா அதைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குத்தான் சுருக்கென்றது.

பேனாவைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். போன மாதம் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவனைப் போனில் பிடித்தார்.

“பேனாவை எங்கப்பா வாங்கின?”

“ஏன் சார், பிடிக்கலையா? கண்ட இடத்துக்கும் போகல சார். நீங்க எல்லாருக்கும் ஆர்டர் போடுவீங்களே, அதே ஆன்லைன் கடைதான்.”



பதினான்கு வருடமாக, ஓய்வு பெறுகிறவர்களுக்கெல்லாம் பேனா வாங்கியவர் அவர்தான். பில்லில் அசலின் விலை இருக்கும். அந்த பில்லையும் விற்கிறவனே அடித்து அனுப்பிவிடுவான். டிரைவருக்கு வாங்கினார். தபால் பிரிவு அம்மாளுக்கு வாங்கினார். காவலாளிக்கும் வாங்கினார். இவர்கள் என்ன, பேனா பிடித்துக் காவியமா எழுதப்போகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பொறுப்பை ஒப்படைத்த அன்று, எனக்கு வாங்கும்போது மட்டும் பெரிய கடைக்கு நேரில் போய் வாங்கு என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் சார் என்று பையன் கேட்டால்? மென்று விழுங்கிவிட்டார். முப்பத்தொரு வருடம் இருந்த மனுஷனுக்கு அவனாகவே நல்லதாகப் பார்த்து வாங்க மாட்டானா என்று ஒரு நப்பாசை.

எதிர்முனையில் அவன் இன்னும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“ஒண்ணு சார், விலை ரொம்பக் கம்மியா இருந்துச்சு. ஆபீஸ்ல ஒதுக்கினதுல பத்துல ஒரு பங்குகூட ஆகல. மிச்சத்தை அப்படியே திருப்பிக் கட்டிட்டேன். இன்னிக்குக் காலைல மேலாளரே கூப்பிட்டு, எந்தக் கடைன்னு ரெண்டு தடவை கேட்டாரு. எல்லாம் சார்கிட்ட கத்துக்கிட்டதுதான்னு பெருமையாச் சொன்னேன் சார்.”