வாதி: எல்லையம்மன், மைனர்

"சார், என்மேல யாரோ ஒரு மைனர் பொண்ணு கேஸ் போட்டுருக்கு. எனக்கு எந்தப் பொண்ணையும் தெரியாது சார்!"

சொல்லிக்கொண்டே இருதயநாதன் நோட்டீஸை நீட்டினான்.

வக்கீல் மாசிலாமணி அதை வாங்கிப் படித்தார். திண்டிவனம் மரக்காணம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் இருதயநாதன்மீது வழக்குத் தொடுத்திருந்தது, கடையை ஒட்டிய கோயிலில் இருக்கும் அம்மன்.

"பொண்ணு இல்லய்யா, எல்லையம்மன். சட்டத்துக்கு சாமின்னா மைனர். தானா கேஸ் போட முடியாது. கார்டியனா நின்னு தர்மகர்த்தா விருத்தாசலம் போட்டிருக்கார்."

"எங்க தாத்தா காலத்துக்கு முன்னாடியே அந்த சாமி கீது சார்!"

"இருக்கட்டும். அப்பவும் மைனர், இப்பவும் மைனர்."

"மேஜர் எப்ப ஆவும்?"

"ஆகாது. ஓட்டு கிடையாது, டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. நிலம் நீச்சு மட்டும் வெச்சுக்கலாம்."

இருதயநாதன் சற்று யோசித்தான். "அப்ப எங்க மாதாவும் மைனருங்களா?"

"அது வேற சட்டம். போட்டுக் குழப்பாத." மாசிலாமணிக்கே லேசாகக் குழம்பியது. மேலே படித்தார். "கோயில்லேர்ந்து ஒயர் இழுத்து, மைனர் கரண்ட்டத் திருடி, நீ கம்ப்ரஸர் ஓட்டுறியாம். கரண்ட் பில்லை கார்டியன்தான் தவறாம கட்டிட்டு வர்றாராம். கடைய காலி பண்ணச் சொல்லிக் கேக்குறார். ஒயர் இருக்கா?"

இருதயநாதன் தரையைப் பார்த்தான். "கீது சார்."

"யாரோடது?"

"என்னுதுதான்."

"அப்ப திருடியிருக்க."

"மாதா மேல சத்தியமா இல்ல சார்."

"பின்ன எதுக்குய்யா அந்த ஒயரு?"

"அத மட்டும் கேக்காதீங்க சார். வேற எதுனா சொல்லி வாதாடுங்க. கடைய விட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல. சினிமாவுல கடைசி நேரத்துல ஒருத்தர் 'நிறுத்துங்க'ன்னு கத்திக்கினு கோர்ட்டுக்குள்ள ஓடி வருவாரே, அந்த மாதிரி..."

"நம்ம கோர்ட்ல கத்திக்கினு வந்தா டவாலி வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடுவார்."

கட்சிக்காரன் திருடியிருக்கிறான் என்று மாசிலாமணி முடிவு செய்துகொண்டார். அதில் அவருக்கு வருத்தமில்லை. திருடியதை வக்கீலிடம்கூடச் சொல்ல மறுப்பதுதான் எரிச்சலாக இருந்தது.

இடத்தைப் பார்த்து அறிக்கை தர, கோர்ட் ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. பெயர் கலையரசி. ஒரு சாயங்காலம் அவள் வந்து இறங்கியபோது, விழுப்புரத்தில் குடியிருக்கும் தர்மகர்த்தா காரில் வந்து காத்திருந்தார். டீக்கடைக் கூட்டம் மொத்தமும் கோயில் வாசலில் நின்றது.

"பாருங்கம்மா! கோயில் சுவத்துல ஓட்டை. அதுல ஒயரு. நேரா இவன் கடைக்குள்ள போவுது. பழைய டியூபைப் போட்டு மறைச்சு வெச்சிருக்கான். பச்சக் கொழந்த சொத்தும்மா!"

"எந்தக் கொழந்த?" என்றார் டீ கிளாஸும் கையுமாக நின்ற ஒருவர்.

"அம்மன்தான்யா! சட்டப்படி!"

கூட்டம் கருவறையை எட்டிப் பார்த்தது. பல்பு வெளிச்சத்தில், கையில் சூலத்தோடு அந்தக் குழந்தை எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கலையரசி திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க இருதயநாதன்?"

"ஒயர் என்னுதுதான் மேடம். அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன்."

அவனருகே நின்ற மாசிலாமணி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஒத்துக்கினான் பாருங்க!" விருத்தாசலம் துள்ளினார். "இதோ, உங்க கண்ணு முன்னாடியே நிரூபிக்கிறேன். கோயில் மெயின இறக்கினா இவன் கம்ப்ரஸர் நின்னுடும்."

தூசி படிந்த பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு பல்லி ஓடியது.

கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. கருவறை பல்பும் எரிந்தது.

மேலே தள்ளி, மறுபடி இழுத்துப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை.

"எல்லாம் அம்மனோட சக்திம்மா" என்றார், முகத்தைத் துடைத்தபடி.

கலையரசி பஞ்சர் கடையை நோக்கி நடந்தாள்.

"மேடம், வேணாம்!" இருதயநாதன் முதல்முறையாகக் கத்தினான். "அதுல கைய வெக்காதீங்க! வோணும்னா கம்ப்ரஸரத் தூக்கிக்கினு போயிடுங்க!"

"மாட்டிக்கினான்டா" என்றது கூட்டம்.

அவள் கடையின் மெயினை இறக்கினாள்.

கம்ப்ரஸர் நின்றது. கருவறை இருண்டு, அம்மன் கண்ணிலிருந்து மறைந்தாள்.

"ஏன்யா, இத என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றார் மாசிலாமணி.

"பில்லு கட்டலன்னு கோயில் லைனப் புடுங்கிக்கினு போயி நாலு வருஷம் ஆவுது சார். நம்ம லைன்லேர்ந்து இன்னொரு கட்டடத்துக்குக் குடுக்கிறதும் குத்தமாம். தெரிஞ்சா கடைக்கும் புடுங்கிடுவாங்கன்னு லைன்மேன் சொன்னாரு. அதான் வாயத் தொறக்கல."

கலையரசி கார்டியனைத் தேடினாள். ரோட்டோரம் கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"எழுதுறத அப்பால எழுதிக்குங்க மேடம்" என்றான் இருதயநாதன். "மொதல்ல சுச்ச ஜல்தி போடுங்க. வெளக்கு வெக்கிற நேரம்."