பேப்பரில் மட்டும்

அறையைக் காலி செய்தபோது கடைக்காரர் விசிலடித்துக்கொண்டிருந்தார். விவாகரத்தான மனுஷன் இத்தனை குஷியாக இருந்து அறை ஓனர் பார்த்ததில்லை.

"என்ன சார், புது மாப்பிள்ளை மாதிரி கிளம்புறீங்க?"

"பழைய மாப்பிள்ளைதான். என் பொண்டாட்டிகிட்டயே திரும்பிப் போறேன்."

ஓனர் முழித்தார். கடைக்காரர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதைப் பூட்டியபடியே விளக்கினார். ஃபர்னிச்சர் கடை நொடித்தபோது, கடையோடு வீடும் போய்விடாமல் இருக்க வக்கீல் சொன்ன யோசனை அது. பேப்பரில் மட்டும் ஒரு விவாகரத்து, வீடு மனைவி பெயருக்கு. கடன் விவகாரம் ஓய்ந்ததும் வீடு திரும்பிவிடலாம். ஒரு வழியாக நேற்று ஓய்ந்துவிட்டது.

"கோர்ட்டுல யாருக்கும் சந்தேகம் வரலையா?"

"எப்படி வரும்? எங்க வீட்டம்மா நடிச்ச நடிப்பு அப்படி! குடிக்கிறார், அடிக்கிறார்னு சொல்லச் சொல்லி ஒத்திகையே பார்த்தேன். கூண்டுல ஏறினதும் அத்தனையும் மறந்துட்டா. 'சாப்பிட்டியான்னு இவர் என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லீங்க'ன்னு சொந்தமா ஒண்ணை எடுத்துவிட்டா பாருங்க, ஜட்ஜே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஓனர் சாவியை வாங்கிக்கொண்டு போனதும், சிரிக்க வேறு ஆள் இல்லை.

உண்மையைச் சொன்னால், இந்த ஒரு வருஷமாக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஏனென்று கேட்க நாதியில்லை. மூட்டைப்பூச்சியோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது, போனில்கூடப் பேசாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மனைவி அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். கெட்டிக்காரி என்று கடைக்காரருக்குப் பெருமைதான்.

வீட்டு வாசலில் மணியடித்ததும் அவளே கதவைத் திறந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை.

"எல்லாம் முடிஞ்சுது! இனிமே யாருக்கும் பயப்பட வேண்டாம்" என்று பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேரே சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்தார். "பசி உயிர் போகுது. முதல்ல சோறு போடு."

அவள் தன் பாதித் தட்டை மூடி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பரிமாறினாள்.

கடைக்காரர் சாப்பிட்டார். எதிரே ஒரு ஆள் நிற்கச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று! இரண்டாம் முறை சோறு வாங்கும்போது கண்கூடக் கலங்கிவிட்டது.

"தனியாக் கிடந்து செத்துட்டேன்டி. நாளைக்கே போய் மறுபடியும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கலாம், என்ன?"

அவள், அவர் கை கழுவும்வரை காத்திருந்துவிட்டு, கூடத்துக்குப் போய் அவருடைய பெட்டியைத் தூக்கினாள். உள்ளே கொண்டுபோய் வைக்கப் போகிறாள் என்று நினைத்தார்.

"ஆனா ஒண்ணு, அன்னிக்குக் கோர்ட்டுல நீ நடிச்ச நடிப்பு இருக்கே, அடேயப்பா!"

அவள் பெட்டியை வாசல்படிக்கு வெளியே வைத்தாள்.

"அன்னிக்கு நான் நடிக்கலைங்க."