ஏசி ரூம் வேண்டாம்

"இதென்ன கண்ணு கோலம்? நாலு கட்டில் போட்ட வார்டுல வந்து படுத்திருக்கறே! ஊருக்குள்ள என் மானம் போகுது!"

உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகச் சத்தம் போட்டார் சுந்தரராஜுலு. வெள்ளகோவில் பக்கம் நூல்மில் வைத்திருப்பவர். கட்டிலில் சாய்ந்திருந்தது அவருடைய தங்கை ராமாமணி. மறுநாள் காலை அவளுக்கு ஒரு சின்ன ஆபரேஷன்.

"மெதுவாப் பேசுங்கண்ணா. பக்கத்துல எல்லாரும் நோயில கெடக்கறாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். மேல ஏசி ரூம் காலியா இருக்குதாம். விசாரிச்சுட்டுத்தான் வாரேன். கெளம்பு."

"வேண்டாமுங்கண்ணா."

"காசுக்குப் பாக்கறயா? வாடகை வித்தியாசத்த நான் கட்டிப்போடறேன்."

ராமாமணி சிரித்தாள்.

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

சில வருஷங்களுக்கு முன்னால் மார்பில் கட்டி என்று சேர்ந்தபோது, அண்ணன்தான் பிடிவாதமாகப் பெரிய ரூமில் போட்டார். கூடுதல் வாடகையைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இன்சூரன்ஸ் கணக்கு முடிக்கும்போதுதான் ராமாமணிக்கு விஷயமே தெரிந்தது. பாலிசியில் சொன்ன வாடகையைத் தாண்டினால், வாடகையில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று மற்றதிலும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். டெலிபோன் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பாதி அதற்கே போனது.

"எங்கிட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டனா?"

"உங்ககிட்டக் கேக்கறதுக்கு நான் எதுக்குங்கண்ணா வருஷா வருஷம் பிரீமியம் கட்டணும்? அது என் பாத்தியதை. கேன்சருக்கே நான் தலை குனியல. இவங்க கணக்குக்கா குனிவேன்?"

அன்றைக்கு எடுத்த முடிவு அது. பாலிசியை வரி வரியாகப் படித்தாள். புரியாததை இன்சூரன்ஸ் ஆபீஸுக்கே போய்ப் புரியும்வரை கேட்டாள். பிறகு சனிக்கிழமைதோறும் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து, கேன்சர் வார்டில் கட்டில் கட்டிலாக உட்கார ஆரம்பித்தாள். எந்த ரூம் எடுக்கலாம், எதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இல்லை என்று சொல்லிவிட்டால் எங்கே முறையிட வேண்டும்... எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். தாலிக்கொடியை அடகு வைக்கக் காந்திபுரத்துக்கு ஆட்டோ ஏறிய ஒருத்தியை, வாசலிலேயே மறித்து இறக்கிக் கூட்டி வந்ததும் உண்டு.

"எந்த நோய் வந்தாலும் உன் வாய் மட்டும் கொறையாது," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் சுந்தரராஜுலு. "சரி, உனக்குத்தான் வேண்டாம். உன் சேவைக்காச்சும் ஏதாவது தரட்டுமா? கேன்சர் கேம்ப்புன்னு யார் வந்து நின்னாலும் நான் வெறுங்கையோட அனுப்பறதில்ல. ரொம்பக் கஷ்டப்பட்டவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லு."

ராமாமணி தலையணையை நிமிர்த்திவைத்துச் சாய்ந்துகொண்டாள்.

"ஒருத்தி இருக்கறாங்கண்ணா. மில்லு வேலைக்காரி. மாசாமாசம் இ.எஸ்.ஐ.ன்னு சம்பளத்துல பிடிச்சிருக்காங்க. கர்ப்பப்பையில கேன்சர்னு தெரிஞ்சதும், அந்தக் காப்பீடு இருக்குது, வைத்தியம் ஆயிரும்னு நம்பிப் போயிருக்கறா. அங்க அவ பேரே இல்லையாம். பிடிச்ச பணத்த மில்லுக்காரங்க கட்டவே இல்ல. இப்ப மகன் ஆட்டோவ வித்து வைத்தியம் பாக்கறான்."

"அட கெரகமே!" சுந்தரராஜுலு எழுந்தே விட்டார். "தொழிலாளி சம்பளத்துல பிடிச்சு, சொந்தப் பையில போட்டுக்கிட்டானா? அதும் நோயில கெடக்கறவ காசை! சும்மாவா விட்டீங்க? புகார் குடுக்க வேண்டியதுதானே?"

"மனு எழுதி வெச்சுட்டேனுங்கண்ணா. அவ கையெழுத்துப் போட்டா இன்னைக்கே அனுப்பிப்போடலாம். விசாரணை வரும், அவளுக்கு ஒரு வழி பொறக்கும். ஆனா போட மாட்டேங்கறா. காத்தால இருந்து நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"ஏனாம்?"

"மகளும் அதே மில்லுல வேலை பாக்கறா. மொதலாளிக்குத் தெரிஞ்சா அவளையும் நிறுத்திப்போடுவாருன்னு பயம்."

"என்ன பயம்? மொதலாளின்னா கொம்பா மொளச்சிருக்குது?" அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. ஊசி போட வந்த நர்ஸ்கூட அப்படியே நின்றுவிட்டாள். "அவனெல்லாம் ஒரு மொதலாளியா? தைரியமாக் கையெழுத்துப் போடச் சொல்லு! அந்தப் புள்ளைய எவன் நிறுத்தறான்னு நானும் பாக்கறேன்!"

"நெசமாத்தான் சொல்றீங்களாண்ணா?"

"இத்தனை பேருக்கு முன்னால சொல்றேன். இன்னும் என்ன?"

பக்கத்துக் கட்டிலின் திரை விலகியது.

குளுக்கோஸ் ஏறும் கையைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு பெண் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். பழனியாத்தாள். சுந்தரராஜுலுவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. 'யாரோ பாவம்' என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு ராமாமணி பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த மனுவக் குடுங்கக்கா. எங்க மொதலாளியே கையெழுத்துப் போடச் சொல்லிட்டாருங்க."