ஜெபின் வாங்கிவந்த நோயாளி

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஸ்தருக்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. சமையல், துணி, கூட்டிப் பெருக்குவது எல்லாவற்றையும் இயந்திரங்களே பார்த்துக்கொண்டன.

"சும்மா சோறு தின்னுட்டுக் கெடக்கேன்" என்று அவள் புலம்புவதைக் கேட்கப் பொறுக்காமல், மகன் ஜெபின் ஒரு நோயாளி இயந்திரத்தை வாங்கி வந்தான். அதற்கு அடிக்கடி காய்ச்சல் வரும். இருமிக்கொண்டே "சிஸ்டர்" என்று முனகும். எஸ்தருக்குப் பத்து வயது குறைந்ததுபோல் ஆகிவிட்டது.

மழைக்காலத்தில் ஜெபினுக்கே காய்ச்சல் கண்டது. "அம்மா, தலையக் கொஞ்சம் புடிச்சு விடேன்" என்றான்.

எஸ்தர் இயந்திரத்தின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"சமையல் மெஷின்ட்ட சொல்லு மக்களே, கஞ்சி தரும். குடிச்சிட்டுப் படு. ஒனக்கு எல்லாம் இருக்கு. இதுக்கு என்னைய விட்டா ஆரு உண்டு?"