கொட்டாங்குச்சிக் காவல்

"இந்தத் தடவையும் போச்சா?"

எழுந்து உட்காரக்கூட முடியாத கணவர், கட்டிலில் கிடந்தபடியே கேட்டார். மனைவி மீன் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒண்ணுகூட இல்லைங்க."

"காலையில நீ கொட்டாங்குச்சியைத் தூக்கிக் காட்டினப்போ முட்டைங்க செக்கச்செவேல்னு கொத்தா இருந்துச்சே! மாத்திரை போட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்தேன். அதுக்குள்ள முழுங்கிட்டாளா? பெத்தவதானாடி நீ?"

தொட்டியைப் பார்த்து அவர் திட்டினாலும், குரல் உடைந்துபோய்த்தான் வந்தது.

அந்த அறையில் காற்று இயந்திரங்கள் இரண்டு. ஒன்று அவருடைய மூக்குக் குழாய்க்கு, இன்னொன்று தொட்டிக்கு. நுரையீரல் கைவிட்டுவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்ட பிறகு, அவருக்கு உலகமே அந்தத் தொட்டிதான். அதில் ஒரு ஜோடி குள்ளச் சிக்லிட் மீன்கள், சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கொட்டாங்குச்சிக்குள் முட்டை போட்டதும் தாய் மஞ்சளாக மாறி, தகப்பனைக் கடித்து விரட்டும். அதனால் தகப்பன் தனி ஜாடியில் கிடந்தது.

"அவனும் என்னை மாதிரிதான். ஒண்ணுத்துக்கும் உதவாம மூலையில கிடக்கான்" என்பார்.

பொரிக்கப்போகும் குஞ்சுகளுக்குத் தீனி கொண்டுவந்த மீன் கடைக்காரர் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"முதல் ஈடு, ரெண்டாவது ஈடு முட்டையைப் பயத்துல தின்னும் அண்ணே. ஒவ்வொரு தடவையுமா திங்கும்? வேற பொட்டை தரேன், மாத்திடுங்க."

"வேண்டாம் தம்பி!" மனைவி படக்கென்று சொன்னாள். "பாவம், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"எப்படிப் பரிஞ்சுக்கிட்டு வரா பாரு" என்று கணவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அது அடங்குவதற்குள் மனைவிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஆனா ஒண்ணு புரியலை அக்கா. முட்டையைத் தின்னுட்டா மஞ்சள் இறங்கிடும். இது இன்னும் வாசல்லயே காவல் நிக்குது. உள்ள போய்ப் போய்த் தேடுது பாருங்க."

மனைவி பார்க்கவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எனக்கு வேற ஆசை எதுவும் பாக்கி இல்லப்பா" என்றார் கணவர். "இவ குஞ்சுங்களைக் கூட்டிக்கிட்டு நீந்துறதை ஒரு தடவை கண் நிறையப் பாத்துட்டாப் போதும். அன்னிக்கே இந்தக் குழாயைக் கழட்டி வீசிட்டு நிம்மதியாப் போய்ச் சேருவேன். அதுக்காகத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்."

"வாயைக் கழுவுங்க! வரவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதே பேச்சு."

கடைக்காரர் போனதும் கணவர் மெல்லக் கேட்டார்.

"அடுத்த ஈடாவது தேறுமா?"

"கட்டாயம் தேறும்ங்க. அதுவரைக்கும் மனசை விட்டுடாதீங்க."

"ம்... இருந்துதானே ஆகணும்" என்று கண்களை மூடிக்கொண்டார்.

அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவரை விட்டால் அவளுக்கு நாதி இல்லை.

பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். "மன்னிச்சுக்கோடி தாயே" என்று தேம்பியபடி, கட்டைவிரல் நகக்கண்ணில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த செக்கச்செவேலென்ற முட்டைகளைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினாள்.