குரல் போன பொம்மை

"ம்மமா..."

தொண்டை கட்டிய ஆட்டுக்குட்டி போல ஒரு குரல். இன்னும் என் காதில் இருக்கிறது.

சாய்த்தால் கத்தும் துணிப் பொம்மை அது. எங்கள் ஊர்ப் பிரெஞ்சுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய வருஷம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்பா எனக்கு வாங்கித் தந்தது. ஒரு கை இல்லை.

கை வைத்துத் தரச் சொல்லிச் செல்வாம்பாளிடம் கொடுத்தோம். மில்லில் வேலை செய்பவரின் மனைவி. பழைய பொம்மைகளைத் தேடி வாங்கி, சரிசெய்து, தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம்.

கை வந்தது. குரல் போய்விட்டது.

அம்மா என்னையும் பொம்மையையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

"செல்வாம்பா, இன்னா வேல பண்ணியிருக்க? வயித்தப் பிரிச்சுத் தெச்சிருக்க. உள்ள இருந்த டப்பா எங்க?"

"எடுத்துட்டேன் ஜெயம்."

"எந்த வெள்ளக்கார மதாம் வூட்டுப் பொம்மைக்கு வெச்ச?"

"யாருக்கும் வெக்கல. கொஞ்சம் மெதுவாப் பேசு."

"திருடினவ நீ, மெதுவாப் பேசறது நானா? எம்பொண்ணு நேத்துலேர்ந்து சோறு திங்கல."

மேசைமேல் புதிதாக வந்த இன்னொரு பொம்மை சாய்ந்து கிடந்தது. அம்மா அதை வெடுக்கென்று தூக்கினாள்.

"அதத் தொடாத ஜெயம்."

"ம்மமா..."

பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

சாம்பல் கையோடு பச்சையம்மாள் ஓடிவந்தாள். ரவிக்கை முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. போன மாதம்தான் அவள் கைக்குழந்தையைப் புதைத்திருந்தார்கள்.

"கொழந்த அழுவுதே. யாரும் தூக்கலியாக்கா?"

அம்மா பொம்மையை முதுகுக்குப் பின்னால் முந்தானையில் மறைத்தாள். சாய்ந்தால் மறுபடி கத்தும். நிமிர்த்திப் பிடித்தபடி, ஆடாமல் நின்றாள்.

"பூன தாயி. வெரட்டி வுட்டுட்டேன்" என்றாள் அம்மா.

"பூனையா?" பச்சையம்மாள் மூலை மூலையாகப் பார்த்தாள். "பசிச்ச கொரலா இருந்துச்சு."

போய்விட்டாள்.

செல்வாம்பாள் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். அம்மா பிடித்திருக்க, பொம்மையைச் சாய்க்காமலே தையலைப் பிரித்து, ஓட்டை போட்ட அந்தச் சின்ன டப்பாவை வெளியே எடுத்தாள். அப்புறம்தான் அம்மா மூச்சு விட்டாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"தெருவே பேசும். அவ காதுல வுழும்."

அம்மா கையிலிருந்த பொம்மையை மேசைமேல் வைத்தாள்.

"இந்த மாதிரி கத்தறது இன்னும் யார் வூட்ல இருக்கு?"

"கோடி வூட்டு ராஜாங்கம் பொண்ணுகிட்ட ஒண்ணு. கேட்டேன். அவங்களும் திருடின்னுட்டாங்க."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நீ இரு. சண்ட போட்டு வாங்கறதுக்கு நான்தான் சரி."

மறு வருஷம் பச்சையம்மாளுக்குப் பெண் பிறந்தது. காது குத்தும்போது, தாய்மாமன் பக்கத்தில் நிற்க, குழந்தையைச் செல்வாம்பாள் மடியில்தான் உட்கார வைத்தாள்.