தனசேகரனின் புகைபோக்கி

பிடோக் வட்டாரத்தில் இருந்த தன் தரைவீட்டின் பின்பக்கத்தில், பார்பிக்யூ அடுப்புக்கு மேலே தனசேகரன் தன் கையாலேயே செங்கல் புகைபோக்கி கட்டியிருந்தார். புகை மேலே போகாவிட்டால் இடித்துவிடுவதாக மனைவியின் அண்ணன் சுரேந்தரிடம் சவாலும் விட்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் முன்னால் அடுப்பைப் பற்றவைத்தார். புகை மொத்தமும் கீழேயே திரும்பியது.

“மாப்பிள்ளை, இனிமே நம்ம ஏரியாவுக்குக் கொசுமருந்து அடிக்க ஆள் வரவேணாம் லா!” இருமிக்கொண்டே சிரித்தார் சுரேந்தர்.

“கட்டினதுல தப்பே இல்ல. யாரோ கண்ணு வச்சுட்டாங்க,” என்ற தனசேகரன், ரோஷத்தோடு சுத்தியலை எடுத்தார்.

“ஐயோ, இடிக்காதீங்க!” மனைவி சந்திரமதி ஓடிவந்து தடுத்தாள். “மேல ஏறி உள்ள பாருங்க.”

அவர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். உருட்டு விழியும் முறுக்கு மீசையும் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று, புகைபோக்கியின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“கண்ணு படக்கூடாதுன்னு நான்தான் வச்சேன். வெளிய தொங்கவிட்டா அண்ணன் கேலி பண்ணும்னு உள்ள மறைச்சேன்.”

பூசணிக்காயை எடுத்ததும் புகை நேராக மேலே போனது.

“யாரு கண்ணு படும்னு அவ்வளவு பயம் உனக்கு?” என்றார் சுரேந்தர்.

சந்திரமதி திரும்பி அண்ணனின் கண்களையே பார்த்தாள். சொந்தக்காரர்கள்தான் சிரித்துவிட்டார்கள்.